நரம்பு வழியே ஒரு பந்தி

"கையெ எடுங்க."

இலைக்கு மேலே குடையாக விரிந்திருக்கும் கையைப் பார்த்துப் பாலுசாமி சொல்வது இவ்வளவுதான். போதும் என்று வாயைத் திறந்து சொல்ல முடியாத அளவுக்கு வாய் நிறைந்திருப்பவர்கள் கையை விரிப்பார்கள் என்பது உலக வழக்கம். பாலுசாமியின் கணக்கில் அதற்குப் பெயர் கூச்சம். கூச்சப்படுகிறவருக்கு ஒரு கரண்டி சேர்த்து வைப்பதுதானே மரியாதை? கை நகராவிட்டால் விரல்களின் மேலேயே ரசம் இறங்கும். கருமத்தம்பட்டிப் பக்கத்துக் கல்யாணங்களில் புறங்கையில் பாயசம் வாங்கிக்கொண்டு எழுந்துபோன பெரிய மனிதர்கள் நிறையப் பேர். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை. பாலுசாமி ஊற்றாமல் தாண்டிப் போனால்தான் கோபம் வரும்.

அவருக்குச் சொந்தமாக விசைத்தறிக்கூடம் இருக்கிறது. தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பேசிக் குரல் தடித்துப்போனதால், மைக் இல்லாமலே பந்தியின் கடைசி இலை வரை கேட்கும். முகூர்த்த நாள்களில் தறியை மனைவி ராசாத்தாளிடம் விட்டுவிட்டு, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு துண்டு என்று கிளம்பிவிடுவார். பந்தி விசாரிக்க அவரை யாரும் நியமித்ததில்லை. பத்திரிகை வந்தால் போதும், அந்த மண்டபத்துச் சாம்பார் வாளிக்கும் தமக்கும் நிச்சயம் ஆகிவிட்டதாக எடுத்துக்கொள்வார்.

"ஏனுங் மாப்ளே, பருப்புக்கு நெய் வந்துச்சுங்களா? இக்கட்டால, இந்த வரிசையில யாருப்பா, அம்மணி எலை வெறும் எலையா இருக்குது பாரு! ஏனுங்க, ஒப்புட்டு இன்னொண்ணு வாங்கிக்கோங்க. எளைக்கறதெல்லாம் ஊட்டுல போயி எளைச்சுக்கலாம்."

விசாரிக்கிறவர் கடைசிப் பந்தியில்தான் உட்கார வேண்டும் என்பது அவரே தமக்குப் போட்டுக்கொண்ட சட்டம். ஊரெல்லாம் வெற்றிலை போட்டு, மண்டபத்தின் பாதி நாற்காலிகளை வண்டியில் ஏற்றிய பிறகுதான், பரிமாறியவர்களோடு ஓர் ஓரமாக அவருடைய இலை விழும். இதனால் நேர்ந்த ஒரு விசித்திரம்: கொங்கு நாட்டில் பாதிப் பேர் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது பாலுசாமிக்குத் தெரியும், பாலுசாமி என்ன சாப்பிடுகிறார் என்பது ஒருவருக்கும் தெரியாது.

நாள் முழுக்க நின்றே விசாரித்ததில் முழங்கால் பழுதானது. மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய வலி மாத்திரையைப் பொரிகடலை மாதிரி வாயில் போட்டுக்கொண்டு நின்றார். கால் வலி அடங்கியது. வயிறு தன் முறைக்குக் கிளம்பியது. முதலில் இனிப்பான ஒப்புட்டு வேண்டாம் என்றது. அப்புறம் சோறு வேண்டாம் என்றது. பிறகு உள்ளே போனதையெல்லாம் அப்படியே வந்த வாசலுக்குத் திருப்பி அனுப்பியது. கடைசிப் பந்தியில் பாலுசாமி இலையைப் போட்டுக்கொண்டு மோரைக் குடித்துவிட்டு எழுந்தார். சட்டை தோளிலிருந்து நழுவியது. பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்? பாராட்டினார்கள். "வாக்கிங் போறீங்களாட்டருக்குது? சும்மா கிண்ணுனு ஆயிட்டீங்க!" கோயமுத்தூரில் ஒருவர் எலும்பும் தோலுமாக ஆவதற்குள் அவரிடம் எந்த டயட் என்று விசாரிக்க நாலு பேராவது வந்துவிடுவார்கள்.

பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தவரை ராசாத்தாள்தான் பிடித்தாள். பிடித்த கையோடு காரில் ஏற்றிச் சிங்காநல்லூர் தாண்டி ஓர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் நிறுத்தினாள். உள்ளே கேமரா விட்டுப் பார்த்தவர்கள், மாத்திரையால் வந்த புண் ஆறி ஆறித் தழும்பேறியதில் இரைப்பையின் கீழ்வாசல் கிட்டத்தட்ட அடைத்தே போய்விட்டது என்றார்கள். அந்த வாசலை விட்டுவிட்டு, இரைப்பையைக் குடலோடு வேறிடத்தில் இணைக்க வேண்டும். ஆபரேஷன்தான் வழி. ஆனால் அதை இப்போது செய்ய முடியாது.

"இந்த ஒடம்புல தையல் போட்டா பிடிக்காதுங்க," என்றார் சர்ஜன். "முதல்ல ஆளைத் தேத்தணும்."

வாயால் கொடுத்தால் இறங்காது. குழாய் விட்டுப் பார்த்தார்கள், அதுவும் அந்த வாசலைத் தாண்டவில்லை. மிச்சம் இருந்தது இரத்தக்குழாய். மேல்கையில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, அதை நெஞ்சருகே பெரிய நரம்பு வரை கொண்டுபோய் நிறுத்தினார்கள். இனிமேல் சாப்பாடு இந்த வழியாகத்தான் என்று சொல்ல வந்தவர் டாக்டர் சைதன்யா. நோயாளிகளுக்கு எந்த வழியில் எவ்வளவு ஊட்டம் போக வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை அவருடையது. அதாவது, அந்த ஆஸ்பத்திரியின் பந்தி விசாரிப்பு.

"ஐயா, வயிறுன்னு ஒண்ணு இருக்கறதைக் கொஞ்ச நாளைக்கு மறந்துருங்க."

"அதெ மறந்தா என்ற பேரே மறந்துருமுங் அம்மணி."

நர்ஸ் ஒரு பெரிய பையைக் கொண்டுவந்தார். மூன்று அறைகள். ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர், ஒன்றில் புரதச் சத்து, ஒன்றில் பாலாக வெளுத்த எண்ணெய். பையை அழுத்திச் சுருட்டியதும் தடுப்புகள் விட்டுக்கொடுத்து மூன்றும் ஒன்றாகக் கலந்தன. பாலுசாமி தலையைத் தூக்கி, சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்க்கிறவர் மாதிரி கவனித்தார்.

"என்னென்ன ஐட்டமுங்க?"

"எல்லாமே இருக்குங்க. உப்பு, வைட்டமின் கூட."

"கருவேப்பலை?"

பக்கத்துக் கட்டிலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கோட்டைமேட்டு முஸ்தபா. கல்யாண பிரியாணி மாஸ்டர். குடலில் ஆபரேஷன் செய்துகொள்ள வந்து, அதற்கு முன்னால் பட்டினி போடப்பட்டுப் படுத்திருந்தார். "அண்ணே, உங்களுக்காச்சும் பால்பாயசம் வந்திருக்குது. எனக்குப் பாருங்க, வெறும் உப்புத்தண்ணி. இந்தக் கையாலதான் ஊருக்கே தம் போட்டேன்."

"விடுங்க பாய். ரண்டு பேரும் எந்திரிச்ச பொறகு நீங்க ஆக்குங்க, நான் ஊத்தறேன்."

வாழ்நாளெல்லாம் ஊரைச் சாப்பிட வைத்த இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் பட்டினி கிடந்தால் என்ன பேசுவார்கள்? வார்டில் யாருக்கும் பசி அடங்கவில்லை. சுக்காவும் சந்தகையும் கொள்ளுப்பருப்பும் கட்டிலுக்குக் கட்டில் காற்றில் போய் வந்தன. நர்ஸ் வந்து இருவரையும் வேறு எதையாவது பேசச் சொன்னார். இருவரும் நேர்மையாக முயன்றார்கள். அரசியல் தொடங்கிச் சித்த நேரத்தில், ஒரு மாநாட்டில் போட்ட சாப்பாட்டில் வந்து நின்றது.

பாலுசாமியின் மனசில் ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தது. கொடுமுடியில் இருக்கிற அக்கா பழனியாத்தாளின் மகள் லோகப்பிரியாவுக்குத் தை மாதம் கல்யாணம். தாய்மாமன் அவர் ஒருவர்தான். சீர் வைத்து, பெண்ணுக்கு மாலை எடுத்துக் கொடுத்து, அதற்கப்புறம் பந்தியில் நின்று... அந்தப் பந்தியில் நிற்காவிட்டால் இதுவரை நின்ற பந்திகளுக்கெல்லாம் என்ன அர்த்தம்? சைதன்யாவிடம் நேராகவே கேட்டார்.

"நிக்க முடியுமுங்களா அம்மணி?"

"நல்லா ஒத்துழைச்சா முடியலாம். ஆனா மெதுவாத்தான் ஏத்துவேன். அவசரப்படக் கூடாது."

பை, மெஷின் வழியாகச் சொட்டு... சொட்டு... என்று இறங்கியது. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவே பாலுசாமிக்கு ஒரு முழுப் பந்தியை முடித்துவிடலாம் போலிருந்தது. இந்த வேகத்தில் யாராவது தம் மண்டபத்தில் பரிமாறியிருந்தால் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியிருப்பார். ராசாத்தாளிடம் முணுமுணுத்தார். "நீங்க வாய மூடிட்டுப் படுங்க. அவங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றாள் அவள். மெஷின் பக்கம் போகக் கூடாது என்று நர்ஸ் சொன்னதை அவள் சாமி வாக்காக எடுத்துக்கொண்டிருந்தாள்.

பழனியாத்தாளிடம் அதை யாரும் சொல்லவில்லை. தவறு நடந்தது அங்கேதான்.

மத்தியானப் பார்வை நேரத்தில் அக்கா வந்து சேர்ந்தாள். கையில் அடுக்குத் தூக்கு. அரிசிம்பருப்புச் சோறு, மேலே உருகிய நெய். வார்டு வாசலிலேயே காவலாளியிடம் தூக்கைப் பறிகொடுத்தாள். அதற்குள் வாசனை முஸ்தபாவின் கட்டில் வரை போய்விட்டது. "யா அல்லா," என்று அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ராசாத்தாள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அக்கா தம்பியின் கன்னத்தைத் தடவினாள். எலும்பு தட்டுப்பட்டது. மெஷினைப் பார்த்தாள்.

"இதென்ன சாமி, இப்படி கஞ்சத்தனமா ஊத்தறாங்க? ஒரு சொட்டு உழுந்து காஞ்ச பொறகு மறு சொட்டு உழுகுது!"

"அதெல்லாம் அவிங்க கணக்குங்கக்கா."

"என்ன கணக்கு? தை மாசம் பொறக்கறதுக்கு நாளு கெடக்குதா? தாய்மாமன் நோஞ்சானாட்டம் மணவறையில நின்னா சம்பந்தி ஊட்டு ஒறம்பரையெல்லாம் என்ன நெனப்பாங்க? சோத்துக்கு இல்லாத குடும்பமாட்டருக்குதுன்னு நெனக்க மாட்டாங்க?"

மெஷினில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி இருந்தது. அதன் பக்கத்தில் பச்சைப் பொத்தான். படிக்காதவர்களுக்கும் புரியட்டும் என்று செய்தவர்கள் வைத்திருப்பார்கள். புரிந்தது. பழனியாத்தாள் அம்பை அழுத்தினாள். எண் ஏறியது. இன்னும் அழுத்தினாள். பச்சையை அழுத்தினாள். மெஷின் ஒரு தடவை கீச்சிட்டுவிட்டுச் சொன்னதைச் செய்யத் தொடங்கியது. சொட்டுகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு விழுந்தன.

"இப்பப் பாரு. இதல்லவா பந்தி!"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பாலுசாமிக்கு வாய் இருந்தது, தலைமாட்டில் நர்ஸைக் கூப்பிடுகிற மணியும் இருந்தது. அவர் எதையும் பயன்படுத்தவில்லை. சூடான நெய் இலையில் இறங்குவதைப் பார்க்கிறவர் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டார். கையை விரிக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் நாக்கு வறண்டது. தண்ணீர் தண்ணீராகச் சிறுநீர் போனது. நெஞ்சு, தறியில் இப்படியும் அப்படியும் ஓடும் நாடாக்கட்டை அடித்துக்கொள்வது மாதிரி தாறுமாறாக அடித்தது. துண்டை எடுக்கப் போன கை பாதியிலேயே துவண்டு விழுந்தது. பை இவ்வளவு சீக்கிரம் காலியானதைப் பார்த்து நர்ஸ் முகம் வெளுத்தார். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். ஓடினார்கள். சைதன்யா வந்தார். பழனியாத்தாள், தான் செய்ததைத் தானே சரிசெய்துவிடலாம் என்று மெஷினை நோக்கிக் கை நீட்டினாள்.

"கையை எடுங்க!"

சத்தம் போட்டவர் சைதன்யா. பாலுசாமி, அந்த நிலைமையிலும், கட்டளை நன்றாக இருக்கிறது என்று நினைத்தார்.

"நாந்தான் கண்ணு," என்றாள் பழனியாத்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "தம்பிக்கு ஒரு கை சேர்த்தி வெச்சேன்."

மெஷினின் வேகத்தைக் கீழே கொண்டுவந்தார்கள். ஒரேயடியாக நிறுத்தவில்லை, நிறுத்தினால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும் என்றார்கள். இன்சுலின் போட்டார்கள். வேறு குழாயில் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் ஏறின. நெஞ்சின் தாளத்தைப் பார்க்க ஒயர்களை ஒட்டினார்கள். எல்லாம் அடங்கிய பிறகு சைதன்யா கட்டில் ஓரமாக நின்று அக்காவுக்கும் தம்பிக்கும் சேர்த்தே சொன்னார்.

"ரொம்ப நாளாச் சாப்பாடு இல்லாம இந்த ஒடம்பு தன் சதையையும் கொழுப்பையும் எரிச்சுத்தான் ஓடிட்டிருந்துச்சு. உள்ள இருந்த உப்புச் சத்தெல்லாம் காலி. இந்த நேரத்துல சர்க்கரையைக் கொட்டினா, அதை எரிக்கறதுக்காக ரத்தத்துல இருக்கற கொஞ்சநஞ்ச பாஸ்பேட்டு, பொட்டாசியத்தையும் ஒடம்பு உள்ள இழுத்துக்கும். ரத்தத்துல ஒண்ணும் மிஞ்சாது. இதயம் தாளம் தப்பும். மூச்சு விடற சதையே சோர்ந்துரும். பட்டினியில போகாத உயிர், சாப்பாட்டுல போயிரும்மா."

பழனியாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பாலுசாமி சைதன்யா பக்கம் தலையைத் திருப்பினார்.

"அம்மணி, கரண்டு போயி ரொம்ப நேரங்கழிச்சு வந்துதுன்னு வெச்சுக்குங்க. அத்தனை தறியையும் ஒரே சமயத்துல போட்டோம்னா பீஸு போயிரும். ஒவ்வொண்ணாத்தான் போடோணும். அப்படிங்களா?"

"அதேதாங்க."

"இது தெரிஞ்சவந்தானுங்களே நானு," என்றார் அவர். தறிக்கூடத்தில் தெரிந்த விஷயம் பந்தியில் தெரியாமல் போனதுதான் அவருக்குப் பொக்கென்று போயிற்று.

ஆபரேஷன் தள்ளிப்போனது. சர்ஜன் வந்து, கல்யாணத் தேதியை மறந்துவிடுங்கள் என்றார். வயிற்றை மறக்கச் சொன்னபோது பதில் சொன்ன பாலுசாமி இதற்குத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முஸ்தபா மட்டும், "அண்ணே, தம் போட்டுட்டு நடுவுல தொறந்து பாத்தா பிரியாணி கெட்டுரும். சும்மா இருங்க, தானா வெந்துரும்," என்றார். சரியான ஆறுதல். துண்டு மெல்ல விலகியது.

மறுநாளிலிருந்து பழனியாத்தாள் வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். மெஷினைப் பூட்டிவிட்டார்கள். ஆனால் பூட்டுக்கு வேலையே இல்லை. பாலுசாமி அதற்குக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். பார்க்க வந்த ஒறம்பரை சொந்தங்களில் ஒருவர், "என்னங்க இவ்வளவு மெதுவாப் போகுது?" என்று கேட்டால் தீர்ந்தது. "வெசயா ஊத்தக் கூடாதுங்க. பட்டினிக்காரனுக்குப் பந்தி வேற!" என்று தொடங்கி, பாஸ்பேட் வரை விளக்கிவிட்டுத்தான் அனுப்புவார்.

ஒரு நாள் முகம் உப்பியிருந்தது. அக்காவுக்குச் சந்தோஷம் தாளவில்லை. "சாமி, மொகத்துல சதை புடிச்சிருச்சு!" சைதன்யா பாலுசாமியின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்தது, விழுந்த பள்ளம் அப்படியே நின்றது. "இது சதை இல்லம்மா, தண்ணி," என்றார். அன்றைக்குப் பையில் தண்ணீரைக் குறைத்தார்கள். அதிலிருந்து பாலுசாமி காலையில் எழுந்ததும் சாமி கும்பிட்டுவிட்டுத் தம் காலை அழுத்திப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். பள்ளம் விழாத நாளில் முஸ்தபாவைக் கூப்பிட்டுக் காட்டுவார். முஸ்தபா பதிலுக்குத் தம் காலை அழுத்திக் காட்டுவார்.

"படுத்தே கெடந்தா உள்ள போற புரதம் சதையா மாறாதுங்க. நடங்க," என்றார் சைதன்யா.

இதை அவர் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. சக்கரம் வைத்த கம்பியில் பையும் மெஷினும் தொங்க, அதைத் தள்ளிக்கொண்டு பாலுசாமி வார்டில் இறங்கினார். நீண்ட வராந்தா, இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில். அவர் கண்ணுக்கு வேறு எதுவாகத் தெரியும்? "ஏனுங்க, கஞ்சி வந்துச்சுங்களா? சூடா இருந்துச்சுங்களா? அம்மணி, அந்த மூலைக் கட்டில்ல பெரியவருக்கு இன்னும் பால் வரலை பாருங்க!" தாம் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாத மனிதர், கம்பியைத் தள்ளிக்கொண்டு ஊருக்கெல்லாம் கஞ்சி விசாரித்தார். கேன்டீன்காரர்கள் அவர் வருகிற சக்கரச் சத்தம் கேட்டால் மூடியைத் திறந்து சூட்டைச் சோதித்தார்கள்.

சைதன்யா அவ்வப்போது ஒரு கருவியைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்வார். கைப்பிடியில் வலு ஏறினால் உடம்பில் சதை ஏறுகிறது என்று அர்த்தமாம். முதல் தடவை முள் அசையவே இல்லை. கரண்டி பிடித்த கை! பாலுசாமிக்கு அவமானமாகிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்தபடி துண்டைச் சுருட்டிப் பிழிந்து பிழிந்து பழகினார். மார்கழி வந்து ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே குளிர் உள்ளே ஏறிய ஒரு காலையில் முள் நகர்ந்தது. சைதன்யா இன்னொரு தடவை பிடிக்கச் சொன்னார். இன்னும் நகர்ந்தது. இரத்தச் சோதனைகளும் ஒழுங்காக வந்தன. சர்ஜன் தாளைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், தேதி கொடுத்தார்.

ஆபரேஷன் முடிந்தது. நல்லபடியாக முடிந்தது என்றார்கள். மறுநாள் காலையில் சர்க்கரை பார்த்த நர்ஸ் புருவத்தை உயர்த்தினார். பழனியாத்தாள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

"நாந் தொடவே இல்லீங் கண்ணு! ராசாத்தாளக் கேளுங்க!"

"ஆமாங்க, தொடலீங்க," என்றாள் ராசாத்தாள். "நாந்தான் பக்கத்துலயே இருந்தேன்."

சைதன்யாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "யாரும் தொடலைம்மா. கத்தி பட்ட ஒடம்பு இப்படித்தான். ஆபத்து வந்துருச்சுன்னு நெனச்சு, தன்கிட்ட இருக்கற சர்க்கரையைத் தானே எடுத்து வெளிய விடும். இன்சுலின் பேச்சையும் கேக்காது. அதனால அதே பை இப்போ கூடுதலாயிரும். கொஞ்சம் கொறைக்கணும். ரெண்டு மூணு நாள்ல தானா சரியாகும்."

பாலுசாமி மூக்கில் குழாயோடு, தீனமான குரலில் ஒரே வார்த்தை சொன்னார். "கொறைங்க."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை ராசாத்தாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்டதில்லை.

இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. குடல் விழித்துக்கொள்ள வேண்டும். விழித்ததற்கு அத்தாட்சி வாயு பிரிவது. ஊரில் வெளியே சொல்லக் கூசுகிற ஒரு சங்கதியை இங்கே பெரிய டாக்டர்கள் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக வந்து பயபக்தியோடு விசாரித்தார்கள். வீக்கம் வடியட்டும் என்று பை ஏற்றித் தள்ளிவைத்திருந்த முஸ்தபாவின் ஆபரேஷனும் அதே வாரம்தான். இருவருக்கும் போட்டி. முதலில் ஜெயித்தவர் முஸ்தபா. அவருக்குக் கஞ்சித் தண்ணீர் வந்தது. அவர் டம்ளரைத் தூக்கியபோது பக்கத்துக் கட்டிலிலிருந்து உத்தரவு வந்தது. "மெல்ல பாய். மொடக்குன்னு குடிக்காதீங்க. சொட்டு சொட்டா."

அதற்கடுத்த காலை, ரவுண்ட்ஸ். சர்ஜன், அவருக்குப் பின்னால் படிக்கிற டாக்டர்கள் ஒரு கூட்டம், சைதன்யா. எல்லோரும் பாலுசாமியின் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். "வாயு பிரிஞ்சுதுங்களா?" என்று சர்ஜன் கேட்டார். பாலுசாமி பதில் சொல்ல வாயைத் திறந்தார். பதில் வேறிடத்திலிருந்து வந்தது. தறிச்சத்தத்தில் பழகிய மனிதர். எதையும் மெதுவாகச் செய்து பழக்கமில்லை.

"மாஷா அல்லா!" என்று முஸ்தபா தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "அண்ணன் பந்தியத் தொறந்துட்டாரு!"

வார்டு கைதட்டியது. மூலைக் கட்டில் பெரியவர்கூடத் தட்டினார். மாணவர்கள் தரையைப் பார்த்துக் குலுங்கினார்கள். பழனியாத்தாள் கொடுமுடி இருக்கும் திசை என்று நினைத்து ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டாள். வாழ்க்கையில் எத்தனையோ மேடைகளில் துண்டு போர்த்தப்பட்ட பாலுசாமி, இந்த மாதிரி ஒரு வரவேற்பைப் பெற்றதில்லை.

ராசாத்தாள் கஞ்சித் தண்ணீரை ஸ்பூனில் எடுத்து ஊட்டினாள். முதல் ஸ்பூன் நாக்கில் பட்டது. இறங்கியது. எல்லோரும் காத்திருந்தார்கள். திரும்பி வரவில்லை. இன்னொன்று. அதுவும் தங்கியது. பாலுசாமியின் கண்ணோரம் நனைந்தது. சில ஸ்பூன்களுக்குப் பிறகு அவர் டம்ளரின் மேல் கையை விரித்தார்.

ராசாத்தாள் அந்தக் கையைப் பார்த்தாள். வாழ்நாளில் இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி வராது.

"கையெ எடுங்க," என்றாள்.

சிரித்ததில் தையல் வலித்தது. வலித்ததில் இன்னும் சிரித்தார். வாயில் போவது ஏற ஏற, பையில் வருவதைப் படிப்படியாகக் குறைத்தார்கள். ஒரு நாள் குழாயை உருவினார்கள். சக்கரக் கம்பியை நர்ஸ் தள்ளிக்கொண்டு போனபோது, பாலுசாமி அதற்கு வாசல் வரை போய் ஒறம்பரையை வழியனுப்புவது மாதிரி விடைகொடுத்தார்.

தை மாதம். கொடுமுடி மண்டபம். புதிதாக அளவெடுத்துத் தைத்த வெள்ளைச் சட்டையில் தாய்மாமன் வந்து நின்றார். பழைய சட்டையில் பாதிதான் இருக்கும். நின்ற நிமிர்வில் குறைவில்லை. சீர்த்தட்டை அவரே தூக்கினார். லோகப்பிரியாவின் கையில் மாலையை எடுத்துக் கொடுத்தார். சம்பந்தி வீட்டார் என்ன நினைத்தார்களோ, பழனியாத்தாள் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. அவள் தம்பியின் கெண்டைச்சதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிட வேண்டும், பட்டினியாக நிற்கக் கூடாது என்பது சைதன்யாவின் உத்தரவு. அதனால் சட்டம் உடைந்தது. பாலுசாமி முதல் பந்தியில் உட்கார்ந்தார். பக்கத்தில் முஸ்தபா. அந்தப் பக்கத்து ஜனங்களெல்லாம், பாலுசாமி சாப்பிடுகிறார் என்ற அதிசயத்தைக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். கொஞ்சூண்டு சோறு, கொஞ்சம் பருப்பு. மென்று மென்று, இறங்கியதை உறுதிசெய்துகொண்டு அடுத்த கவளம். பந்தியே எழுந்துபோனது, மறுபந்திக்கு இலை விரித்தார்கள். அவர் அப்போதுதான் ரசத்துக்கு வந்திருந்தார்.

"அண்ணே, நாங்க பிரியாணி ஆக்கி எறக்கற நேரமாச்சு," என்றார் முஸ்தபா.

"இருங்க பாய். ஒவ்வொரு தறியாத்தான் போடோணும்."

கையைக் கழுவியதும் துண்டு தோளுக்கு ஏறியது. யாரிடமிருந்தோ நெய்க்கிண்ணத்தையும் கரண்டியையும் வாங்கிக்கொண்டார். பந்தியின் நடுவில் சைதன்யா உட்கார்ந்திருந்தார். பத்திரிகை வைத்து, போனில் கூப்பிட்டு, கார் அனுப்பி வரவழைக்கப்பட்டவர். நேராக அங்கே போய் நின்றார். சைதன்யாவுக்கு எல்லாக் கதையும் தெரியும். கரண்டியைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் சேர்த்து, பருப்பின் மேல் கூரையாக விரித்துவிட்டார். பந்தியே சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. முஸ்தபா அந்த இரண்டு வார்த்தையை எதிர்பார்த்து முன்கூட்டியே சிரிக்கத் தொடங்கியிருந்தார்.

பாலுசாமி அதைச் சொல்லவில்லை.

"செரீங் அம்மணி," என்றார். குனிந்தார். கரண்டியை மயிரிழை அளவுக்குச் சாய்த்தார். விரிந்த விரல்களுக்கு நடுவே இருந்த இடுக்கைக் குறிபார்த்து ஒரே ஒரு சொட்டு. காத்திருந்தார். இன்னொரு சொட்டு. பிறகு, இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, கரண்டி நுனியில் திரண்டு தொங்கிய மூன்றாவது சொட்டை, அது தானாக விழும் வரை இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.